மருந்து யார் மேல் பட்டது?

அடைமழை என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிற மனுஷர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. மருந்து அடிப்பதில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. "இலை சொட்டணும்யா. சொட்டலேன்னா அது மருந்து அடிச்ச கணக்குலயே சேராது" என்பார். அதற்காகக் குழாயைச் செடிப் பக்கம் காட்டவே மாட்டார். வானத்தைப் பார்த்துப் பிடிப்பார். மருந்து மேலே போய், வளைந்து, மழை மாதிரி கொட்டும். செடி நனையும், வரப்பு நனையும், பக்கத்தில் மேய்கிற மாடு நனையும், அவரும் நனைவார். வேலை முடிந்து திரும்பும்போது யாராவது "எங்க, ஆத்துல விழுந்துட்டீங்களா?" என்று கேட்டால் அன்றைக்கு வேலை சுத்தம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கடையில் விற்கிற நாசிலைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். குழாய் முனையில் மாட்டுகிற அந்தச் சின்ன மூடியில் கண்ணுக்கே தெரியாத பொடி ஓட்டை. "எவனோ கஞ்சப்பய போட்ட ஓட்டை" என்று திட்டிக்கொண்டே சட்டையில் குத்தியிருக்கிற ஊக்கைக் கழற்றுவார். ஓட்டையில் விட்டு ஒரு குடை குடைவார். போதாதென்று இன்னொரு குடை. அப்புறம் பார்க்க வேண்டுமே, தண்ணீர் ஓட்டைவாளியில் ஒழுகுகிற மாதிரி கொட்டும். அடேயப்பா, அவர் முகத்தில் அப்போது வருகிற திருப்தி!

முகத்துக்குத் துணி கட்டுவாரா என்றால் மாட்டார். முழுக்கைச் சட்டை? வேர்க்குமாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாரா? "காத்தைப் பாத்துக்கிட்டு நின்னா வேலை ஆகுமா?" என்பார். மருந்துப் புட்டியில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கிறதே என்று யாராவது சொன்னால், "அது பூச்சிக்குப் போட்ட படம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இப்படிப்பட்ட ஆளிடம் மேற்கொண்டு என்னத்தைப் பேசுவது?

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் சலவைக்கடை வைத்திருந்தாள். விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீலம் போட்டு, தேய்த்து, மடித்து அனுப்புவது அவள் வேலை. ஒரு விரிப்பில் பொட்டு அளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு புருஷன். எது எங்கே பட்டது, எவ்வளவு பட்டது என்று பார்க்கிற பெண்ணுக்கு, பட்டால் போதும் என்கிற ஆள்.

அந்த வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டுக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த காலி மனையை வாடகைக்குப் பிடித்தாள். "ஊர் அழுக்கையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. எனக்குன்னு கொஞ்சம் பச்சையா ஏதாச்சும் பாக்கணும்" என்று சொன்னாள். கடை வேலை போக மிச்சம் கிடைத்த நேரமெல்லாம் அவளே கல் பொறுக்கினாள், அவளே கொத்தினாள், கத்தரிக்கன்று வாங்கி வரிசை பிடித்து நட்டாள். கன்றுகள் தலையெடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தேய்க்கிற பெட்டியைச் சூடேறப் போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் நின்றுவிடுவாள். ஒரு விடுதிக்காரரின் மேஜை விரிப்பு கருகிப் போனதே அதனால்தான்.

பூ எடுக்கிற நேரத்தில் வெள்ளை ஈ வந்தது. பார்த்தால் ஒன்றுமில்லாத பூச்சி. செடியைத் தொட்டால் மாவைத் தட்டினாற்போல் எழும்பும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இலைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். இலை மஞ்சளாகிச் சுருள ஆரம்பித்தது.

"கவலைப்படாத. வீட்டுல டாக்டர் இருக்கும்போது எதுக்கு பயம்?" என்றார் அடைமழை. டேங்க்கை மாட்டினார், வானத்தைப் பார்த்துப் பிடித்தார், பொழிந்தார். வெள்ளை ஈக்கள் எழும்பின, மழை விடுகிற வரைக்கும் சுற்றின, திரும்பி வந்து உட்கார்ந்தன. அடுத்த வாரம் மறுபடி பொழிந்தார். ஈக்கள் முன்னைவிடப் புஷ்டியாகத் தெரிந்தன.

 

இந்த நேரம் பார்த்துத்தானா அவள் தம்பி வந்து சேர வேண்டும்? அவனும் மருந்து அடிக்கிறவன்தான். ஆனால் பெட்ரோலில் ஓடுகிற புது மெஷின் வாங்கியிருந்தான். கயிற்றை இழுத்தால் டுர்ரென்று மூன்று தெருவுக்குக் கேட்கும். அதனால் அவனுக்கு டுர்ரு என்றே பெயர். வந்தவன் செடியை ஒரு தட்டுத் தட்டினான். ஈ எழும்பியதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்கா, மாமா இதுங்களுக்கு மருந்து அடிக்கலக்கா. குளிப்பாட்டி விட்டிருக்காரு. பேசாம என்கிட்ட விடு."

"டேய், பெரியவங்க தொழில்ல மூக்கை நுழைக்காத" என்றார் அடைமழை.

அவள் இருவரையும் பார்த்தாள். "இங்க பாருங்க. வீட்டுக்காரர், கூடப் பொறந்தவன்னு நான் பாக்க மாட்டேன். எனக்குச் செடி பிழைக்கணும். இன்னும் ஒரு தடவை நீங்க அடிங்க. அப்பவும் ஈ போகலேன்னா இவன்தான் அடிப்பான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுக்கிற மனுஷரைச் சொந்தப் பெண்டாட்டியே வேலையை விட்டு நிறுத்தப் போகிறாள்! வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் தோட்டத்துக்குள் விடுவான்? அதைவிட, அவள் ஆசை ஆசையாக வைத்த செடி தன் கையால் காப்பாற்ற முடியாமல் போய்விட்டதே என்பதுதான் அவரை உள்ளுக்குள் குடைந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவாரா என்ன? சோற்றை அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார்.

"ரெட்டை மடங்கு போட்டு அடிக்கலாம்னு இருக்கேன்" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "செடிதான்யா கருகும். இருக்கிற மருந்து இலையில ஒட்டினாப் போதும். ஒட்டுற திரவம் வச்சிருக்கேன், டேங்க்குல ரெண்டு மூடி ஊத்திக்குங்க."

அடைமழை அந்தப் புட்டியைத் திறந்து முகர்ந்து, தொட்டும் பார்த்தார். சோப்பு மாதிரி வழவழ என்று இருந்தது. இதைப் போய்க் கடையில் வாங்குவார்களா? வீட்டில்தான் சலவைத் திரவம் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறதே! வீட்டுக்கு வந்து ஒரு செம்பு நிறைய எடுத்து மருந்து டேங்க்கில் ஊற்றினார். கஞ்சத்தனம் அவருக்குப் பிடிக்காது என்பதால் இன்னொரு செம்பும் ஊற்றினார்.

பத்தடி நடப்பதற்குள் முதுகில் குலுங்கிய டேங்க் பொங்க ஆரம்பித்தது. மூடி வழியாக நுரை எட்டிப் பார்த்தது, கழுத்தில் இறங்கியது, முதுகெல்லாம் வழிந்தது. குழாயிலிருந்து மழைக்குப் பதிலாக நுரை உருண்டை உருண்டையாகப் பறந்தது. கத்தரிச்செடிகள் முகத்தில் சோப்புப் பூசிக்கொண்டு சவரத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. சுவருக்கு மேலே தலையை நீட்டி டுர்ரு கேட்டான்: "மாமா, எனக்கும் கொஞ்சம் தாடி இருக்கு, வரட்டுமா?"

அன்றைக்கு அவர் முதுகு நெருப்பாய் எரிந்தது. தூணில் போய் முதுகை உரசிக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்ட மனைவியிடம் "வேர்க்குரு" என்று சொல்லிச் சமாளித்தார். ஈக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் மனைவி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். கையில் நீலப் புட்டி, துணிக்குப் போடுகிற நீலம்.

"மருந்து எங்க போகுதுன்னு யாருக்குமே தெரியல. இன்னைக்கு மருந்து வேண்டாம். தண்ணியில நீலத்தைக் கலந்து அடிங்க. எந்தத் துணியில எவ்வளவு ஏறியிருக்குன்னு நான் தினம் பாக்குறவ. இலையில எங்க ஏறியிருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்."

"அட, அப்படிப்போடு!" என்று குதித்தான் டுர்ரு. "நான் முதல்ல."

கயிற்றை இழுத்தான். மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தை வீறிட்டது. நீலம் புகை மாதிரி கிளம்பியது. செடிக்கு மேலே அழகாக மிதந்து போனது. அப்படியே போனது, போய்க்கொண்டே இருந்தது. மனைக்கு அந்தப் புறம் கொடியில் விடுதியின் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் மெஷினே நின்றுவிட்டது. விரிப்பெல்லாம் நீலப் புள்ளி. நேற்று முழுக்கத் துவைத்தது. டுர்ரு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவின் கைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொண்டான்.

அடைமழைக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. "நவுரு, நவுரு. தொழில் தெரிஞ்ச ஆளு வர்றேன்" என்று பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். குழாயை வானத்துக்குத் தூக்கினார். நீலமழை பொழிந்தது. காற்றாவது ஒன்றாவது! முன்னால் பொழிந்துகொண்டே அதற்குள்ளேயே நடந்தார். நடுநடுவே "பாத்தியா, சொட்டுது பாத்தியா?" என்று உற்சாகக் குரல் வேறு. கடைசி வரிசை வரைக்கும் போய், ராஜநடை போட்டுத் திரும்பி வந்தார்.

மனைவி குனிந்து பார்த்தாள். மண் நீலமாக இருந்தது. நல்ல அடர்த்தியான நீலம். இலையின் மேற்புறத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் சொட்டிக் கீழே போயிருந்தது. இலையைத் திருப்பினாள். அடிப்புறம் கழுவித் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அதில் வெள்ளை ஈக்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தன. ஒரு சொட்டு அவற்றின் மேல் பட்டிருக்கவில்லை.

நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்த மனையிலேயே முழுக்க, ஒழுங்காக, ஓரிடம் விடாமல் நீலம் ஏறியிருந்தது அவர் ஒருவர் மேல்தான். தலை, நெற்றி, மூக்கு, பனியன், கால், கால்விரல் இடுக்கு எல்லாம். டுர்ரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். "மாமா மேல ஒரு ஈ கூடப் பிழைக்காதுக்கா!" என்றான். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விரிப்பு போன துக்கம்கூட மறந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன சிரிப்பு? என்ன இப்போ?" என்று அடைமழை கோபமாக வாயைத் திறந்தார்.

நாக்கு நீலமாக இருந்தது. பல் இடுக்கெல்லாம் நீலம்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கிட்டே வந்தாள். அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காதுக்குள் பார்த்தாள். மூக்குத் துவாரத்தைப் பார்த்தாள். பனியனைக் கழுத்தோரம் விலக்கிப் பார்த்தாள்; நெஞ்சிலும் இறங்கியிருந்தது. முதுகில் நேற்றைய தடிப்பு சிவப்புச் சிவப்பாக நின்றது.

"இதுதான் வேர்க்குருவா?"

அவர் பனியனைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் அடிக்கிறீங்களா? இன்னைக்கு நீலம். மத்த நாளெல்லாம்?" குரல் உடைந்துவிட்டது. "நான் இலையைப் பாக்கத்தானேய்யா நீலம் ஊத்தினேன்! பூச்சிக்கு ஒண்ணும் ஆகல, இத்தனை வருஷமா எல்லாத்தையும் நீங்க குடிச்சிருக்கீங்க. வீட்டுக்கு வந்தா இருமுறீங்க, தலை வலிக்குதுன்னு படுக்குறீங்க, வெயில்னு சொல்றீங்க. நானும் வெயில்னு நம்பிட்டு இருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

வரப்பில் உட்கார்ந்து அழுதாள். டுர்ரு சிரிப்பை விழுங்கிவிட்டு எழுந்து நின்றான். அடைமழை குழாயைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்தால் நீலம் தெரியுமே என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். 

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "நீங்களும் வேண்டாம், அவனும் வேண்டாம். செடி போனாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நீலம் பட்ட விரிப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செடி போனால் போகட்டுமாம்! இந்தச் சொல்தான் அவரைச் சுட்டது. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பார். குழாயடியில் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தார். உடம்பில் இருந்த நீலம் போயிற்று, காதில் இருந்தது போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, ஒரு துணியை முறுக்கிக் காதுக்குள் விட்டு எடுத்து எடுத்துப் பார்த்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கே மருந்துப் புட்டியில் இருக்கிற மண்டை ஓட்டுப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

மறுபடி மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "காதுல என்னய்யா?" என்றார்.

"அதை விடுங்க. புது நாசில் ஒண்ணு கொடுங்க. முகத்துக்கு மாஸ்க், கையுறை. அந்த ஒட்டுற திரவமும். ரெண்டு மூடிதானே சொன்னீங்க?"

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். மனைவி விடுதிகளுக்குத் துணி கொடுக்கப் போகிற நேரமாகப் பார்த்துப் பின்வாசலில் டேங்க்கில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பயிற்சி. முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு பார்த்தால் திருடன் மாதிரி இருந்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தீர்த்தது. நாசிலை மேல்நோக்கி வளைத்து, குழாயைச் செடிக்கு அடியில் கொண்டுபோய், கீழிருந்து மேலே அடிக்க வேண்டும். வானத்தையே பார்த்துப் பழகிய கைக்கு இது வருமா? குனிந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காற்றைப் பார்க்க ஒரு குச்சியில் துணிக்கிழிசலைக் கட்டி நட்டார். அது பறக்கும் திசைக்கு எதிரே போகாமல், காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி நண்டு நடை நடந்தார். பொடி ஓட்டை வழியாகப் புகைபோல மென்மையாக வந்த தூறலைப் பார்க்கப் பார்க்க ஊக்குக்குக் கை போனது. வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

இதில் எது கஷ்டம் என்றால், நிறுத்துவதுதான். இலை நனைந்ததும் அடுத்த செடிக்குப் போய்விட வேண்டும். சொட்டினால் மருந்து மண்ணுக்குத்தான் போகிறது. அவருக்கோ சொட்டாமல் மனசு ஆறாது. கடைசியில் டுர்ருவையே கூப்பிட்டு, "டேய், சொட்டப் போகுதுன்னா 'போதும்'னு கத்து" என்றார். மாமாவை அதிகாரம் செய்ய வாழ்நாளில் கிடைத்த ஒரே வாய்ப்பு என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். நடுவில் அவனே கேட்டான்: "மாமா, அந்த மாஸ்க் எங்க வாங்கினீங்க?"

ஒரு விடியற்காலை, காற்று எழுவதற்கு முன்னால், நீலப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் மனைவி முன் நின்றார்.

"இன்னும் ஒரு தடவை. மருந்து இல்ல, நீலம்தான். பாத்துட்டுச் சொல்லு. அப்பவும் பிடிக்கலேன்னா நான் டேங்க்கைத் தொடல."

அவள் கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்தாள். பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

அவர் இறங்கினார். சத்தம் இல்லை, பொழிவு இல்லை. செடிக்கு அடியில் குழாயை விட்டு, மேலே காட்டி, ஒரு தூறல், அடுத்த செடி. டுர்ரு கத்துவதற்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். தேவையே படவில்லை. கடைசி வரிசையை முடித்துவிட்டு இலையைத் திருப்பிப் பார்த்த அடைமழைக்கு நம்பவே முடியவில்லை. அடிப்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். வெள்ளை ஈக்கள் நீல ஈக்களாகி, இறக்கை நனைந்து, எழும்ப முடியாமல் உட்கார்ந்திருந்தன. மண்ணில் பேருக்கு நாலு பொட்டு.

"ஏம்மா, இங்க வா! ஓடி வா! வந்து இலையைப் பாரு!" என்று கத்தினார். சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார்.

அவள் வந்தாள். செடிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தாள். அவர் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்த இலையைத் தாண்டி வந்து, அவர் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். காதைப் பார்த்தாள். இன்னொரு காதையும் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே பார்த்தாள்.

"அட, இலையைப் பாருன்னா—"

"இலை கிடக்கட்டும். நாக்கை நீட்டுங்க."

மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கிறான், சுவருக்கு மேலே பக்கத்து வீட்டார் வேறு. ஆனாலும் நீட்டினார். அவள் அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஓரம், நடு, அடி என்று ஒரு விரிப்பைப் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தாள். அவள் கண் கலங்குவதைப் பார்த்து அவருக்குப் பயமாகிவிட்டது. எங்கேயோ நீலம் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நீளமாக நீட்டினார்.

"சரி, உள்ள போடுங்க" என்றாள் அவள். "நாளைக்கு மருந்து நீங்களே அடிங்க."